லிஸ்பனில் எந்த உயரத்தில் தங்குவது?

லிஸ்பன் வரைபடத்தில் தூரம் தெரியும், ஏற்றம் தெரியாது. ஊரின் நடுவில் இருக்கும் ரோசியு சதுக்கத்திலிருந்து சாவ் ஜோர்ஜ் கோட்டைக்கு நேர்கோட்டில் அரை கிலோமீட்டர்தான். ஆனால் கோட்டை நிற்பது கிட்டத்தட்ட நூறு மீட்டர் உயரத்தில். இடையில் முழுக்கப் படிகளும் வளைந்து வளைந்து ஏறும் சந்துகளும். விடுதிக்காரர்கள் ‘நகர மையத்திலிருந்து 400 மீட்டர்’ என்று போடும்போது, அந்த 400 மீட்டர் எவ்வளவு செங்குத்து என்று சொல்வதில்லை. அதனால் போர்ச்சுகல் தலைநகருக்குப் போகத் திட்டமிடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வாடகையைப் பார்க்கும் முன், அந்த அறை எந்த உயரத்தில் இருக்கிறது, அந்த உயரத்துக்கு உங்களை ஏற்றிவிட அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

எனக்கு இது உறைத்ததற்குக் காரணம் அத்தை. தூத்துக்குடியில் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிவிட்டார். இடது முழங்காலில் தேய்மானம். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வாஸ்கோ ட காமாவைப் பாடம் நடத்தியவருக்கு, அவன் புறப்பட்ட துறையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். “ஏறிருவேன் ஐயா, எறங்கும்போதுதான் முட்டி கேக்க மாட்டேங்கு” என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார். ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பது முழங்கால் வலி உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஏறும் வழி, இறங்கும் வழி இரண்டையும் பார்த்துத்தான் எங்கள் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ஊரின் அமைப்பை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. தெற்கே தேஜோ ஆறு, கடலைத் தொடும் முன் கடல் போலவே விரிந்து கிடக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து வடக்கே போகும் பள்ளத்தாக்கில் பைஷா என்ற தட்டையான பகுதி. அதற்குக் கிழக்கே கோட்டை மலை, அதன் சரிவில் அல்ஃபாமாவும் மொராரியாவும், இன்னும் மேலே கிராசா. மேற்கே ஷியாடுவும் பைரு ஆல்டுவும். பைஷாவின் தெருக்கள் மட்டும் கட்டம் போட்டதுபோல நேராக இருப்பதற்குக் காரணம் 1755 நவம்பர் 1 காலை வந்த நிலநடுக்கம். அடுத்துக் கடல் எழுந்து வந்தது, பிறகு பல நாள் தீ. அழிந்ததை அன்றைய அமைச்சர் மார்க்கி டி பொம்பால் பொறுப்பில் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டினார்கள். அடுத்த நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டும் என்று சுவர்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களைக் கூடுபோல் பின்னி வைத்தார்கள். பைஷாவில் பழைய கட்டிடம் ஒன்றில் தங்கினால் நீங்கள் சாய்ந்திருக்கும் சுவருக்குள்ளும் அந்தக் கூடு இருக்கலாம்.

பைஷாவில் தங்குவது வசதி. தட்டை, மெட்ரோ பக்கம், ஆறு பக்கம். நேரம் குறைவாக உள்ளவர்கள், கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிகிறவர்கள் யோசிக்காமல் அங்கே தங்கலாம். பைரு ஆல்டு வேண்டாம். பின்னிரவு வரை தெருவில் நின்று குடிப்பவர்களின் சத்தம் மூன்றாம் மாடி வரை வரும். கிழக்குக் கோடியில் 1998 உலகக் கண்காட்சிக்காக உருவாக்கிய பார்க் தாஸ் நசோயிஷ் முழுத் தட்டை. சான்டியாகோ கலாட்ராவா வடிவமைத்த ஓரியென்ட் ரயில் நிலையம் அங்கேதான். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் அது நல்ல இடம். ஆனால் பழைய ஊரைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் மெட்ரோ ஏற வேண்டும்.

அல்ஃபாமாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ஆசைப்படுவது அங்கே தங்கத்தான். நிலநடுக்கத்தில் பெரும்பாலும் தப்பிய பகுதி. மூர்கள் காலத்துச் சந்துகள். வெளியே துணி காயும் ஜன்னல்கள், பகலில் மீன் சுடும் வாசம், இரவில் ஃபாடு பாட்டு. அழகுதான். ஆனால் பல சந்துகளுக்குள் டாக்சி நுழையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். படியேறி வீட்டுக்கு வந்தால் வீட்டுக்குள்ளே இன்னும் செங்குத்தான மரப்படி. பழைய கட்டிடங்களில் லிஃப்ட் அபூர்வம். முகவரியைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. கதவு எண்ணுக்குப் பின் மாடி எண் வரும், அதற்குப் பின், படியேறி நிற்கும்போது வலப்பக்க வீடா இடப்பக்க வீடா என்ற குறிப்பு வரும். தரைத்தளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘3’ என்று போட்டிருந்தால் மூன்று மாடி ஏற வேண்டும். குளிர்காலத்தில் போகிறவர்கள் அறையில் ஹீட்டர் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். பல வீடுகளில் கிடையாது. ஜனவரியில் வெளியே இருப்பதைவிட உள்ளே குளிரும்.

அங்கே தங்க வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு அத்தையின் முழங்கால் பாதிக் காரணம். மீதிக் காரணம் அந்தக் கதவுகளில் தொங்கும் சின்னச் சின்ன எண்பூட்டுப் பெட்டிகள். சுற்றுலாப் பயணி வந்து, எண்ணை அழுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். வீட்டுக்காரரைப் பார்க்கவே வேண்டாம். வாசலில் ‘ஏ.எல்.’ என்று பலகை இருந்தால் அது குறுகிய கால வாடகைக்குப் பதிவான வீடு. அல்ஃபாமா சந்துகளில் அந்தப் பலகை கதவுக்குக் கதவு கண்ணில் படும். 2012-இல் வாடகைச் சட்டம் தளர்ந்த பிறகு, தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்தவர்களுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மளிகைக் கடை போனது, செருப்புத் தைப்பவர் போனார். ஜூன் 12 இரவு புனித அந்தோணியார் விழாவுக்கு வண்ணத்தாள் தோரணம் கட்டி, சாளை மீன் சுட்டு, ஊர்வலம் போகிறவர்களில் பலர் இப்போது புறநகரிலிருந்து அந்த ஒரு இரவுக்காகத் திரும்பி வருகிறார்கள். நகராட்சி பழைய பகுதிகளில் புதிய உரிமங்களை நிறுத்தி வைத்தது. 2024 செப்டம்பரிலிருந்து தங்குவோரிடம் ஆளுக்கு ஓர் இரவுக்கு நான்கு யூரோ வரி வாங்குகிறது, அதிகபட்சம் ஏழு இரவுகளுக்கு. நாம் எங்கே தங்குகிறோம் என்பது இன்னொருவர் எங்கே வாழ்கிறார் என்பதோடு சேர்ந்தது. அல்ஃபாமாவைப் பகலில் நடந்து பாருங்கள், அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள். ராத்திரி தூங்குவதற்கு வேறு இடம் இருக்கிறது.

அந்த வேறு இடம் என்று நான் கைகாட்டுவது அலமேடா, அரோயுஷ், ஆன்ஜுஷ் என்று வரிசையாக வரும் குடியிருப்புப் பகுதிகளை. விமான நிலையத்திலிருந்து கிளம்பும் சிவப்பு மெட்ரோவும் பழைய ஊருக்குள் போகும் பச்சை மெட்ரோவும் சந்திக்கும் இடம் அலமேடா. 2012-இல் சிவப்புத் தடம் விமான நிலையம் வரை நீண்ட பிறகு, விமானத்திலிருந்து இறங்கியவர் மாறாமல் நேராக அலமேடாவில் இறங்கலாம். அங்கிருந்து பச்சைத் தடத்தில் அரோயுஷ், ஆன்ஜுஷ், இன்டென்டென்ட், மார்டிம் மோனிஸ், ரோசியு, பைஷா-ஷியாடு, காய்ஷ் டு சொத்ரே. பயணிகளுக்கு வேண்டிய ஊர் முழுக்க இந்த ஒரே வரிசையில் வந்துவிடுகிறது. நாங்கள் எடுத்தது லிஃப்ட் உள்ள ஒரு சாதாரண விடுதி. கீழே ரொட்டிக்கடை. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே சின்னக் கோப்பைக் காபியும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். அத்தை மட்டும் நாற்காலி போட்டு உட்காருவார். பக்கத்துத் தெருக்களில் நேபாளிகள், வங்காளதேசத்தவர் கடைகள். பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் கிடைத்தது அத்தைக்குப் பெரிய நிம்மதி. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கால்டு வெர்டே என்ற கீரைக் கஞ்சியைப் பார்த்தால் சைவம் போலத் தெரியும், வழக்கமாக அதில் பன்றிக்கறித் துண்டு போடுவார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

போக்குவரத்துக்கு ஓர் அட்டை போதும். ‘நவெகாந்தே’ என்று பெயர். அட்டையின் விலை அரை யூரோ, மெட்ரோ நிலையத்து இயந்திரத்தில் வாங்கலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், இரண்டு பேர் ஒன்றைப் பகிர முடியாது. அதில் பணம் ஏற்றி வைத்துக்கொண்டால் மெட்ரோ, பேருந்து, டிராம், படகு, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பயணத்துக்கும் கழித்துக்கொள்ளும். ஒரு நாளில் நிறையச் சுற்றுவதாக இருந்தால் 24 மணி நேரச் சீட்டு லாபம். டிராமில் ஏறிய பின் ஓட்டுநரிடம் காசு கொடுத்துச் சீட்டு வாங்குவது வீண் செலவு. அட்டைக்கு ஆவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும். மெட்ரோவின் சில நிலையங்களில் லிஃப்ட் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். 1959-இல் தொடங்கிய மெட்ரோ அது. பழைய நிலையங்கள் பலவற்றில் மரியா கெய்ல் என்ற ஓவியர் வடிவமைத்த ஓடுகளைச் சுவர் முழுக்கப் பதித்திருக்கிறார்கள். இன்டென்டென்ட் நிலையத்தில் பச்சையும் நீலமுமான அந்த ஓடுகளைப் பார்ப்பதற்காகவே ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் போகலாம்.

இனி ஏற்றம். உள்ளூர்க்காரர்கள் ஏறுவதே இல்லை, ஊரே அவர்களை ஏற்றிவிடுகிறது. அந்த வழிகள் பலவும் இலவசம். பைஷாவிலிருந்து ஷியாடுவுக்கு மேலே போக வேண்டுமா? பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையம் மலைக்கு அடியில் இருக்கிறது. பள்ளத்துப் பக்க வாசலில் நுழைந்து, டிக்கெட் தடுப்பைத் தாண்டாமலே, ஒன்றன்மேல் ஒன்றாக வரும் நகரும் படிகளில் நின்றால் மேலே ஷியாடு சதுக்கத்தில், கவிஞர் ஃபெர்னாண்டு பெசோவாவின் வெண்கலச் சிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடும். கட்டிடக் கலைஞர் அல்வாரோ சிசா வடிவமைத்த நிலையம் அது. சாண்டா ஜுஸ்டா என்ற 1902-ஆம் ஆண்டு இரும்பு லிஃப்டுக்கு முன் வழக்கமாக வரிசை நீண்டு கிடக்கும். பார்க்க அழகு, நியாயமாகவே கூட்டம் வருகிறது. மேலே போவது மட்டும்தான் நோக்கம் என்றால் நகரும் படி போதும்.

கோட்டைப் பக்கம் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கிறது. பைஷாவில் ருவா டூஷ் ஃபன்கெய்ருஷ் தெருவில் 170-ஆம் எண் பக்கம் சாதாரண வீடு போன்ற ஒரு கட்டிடம். அதற்குள் நகராட்சியின் லிஃப்ட். நாங்கள் போன அன்று எங்களுக்கு முன் ஒரு மூதாட்டி, சக்கரம் வைத்த துணிப்பையை இழுத்துக்கொண்டு நின்றார். பைக்குள்ளிருந்து லீக் கீரையின் நுனி எட்டிப் பார்த்தது. அத்தை கைத்தடியைத் தூக்கிக் காட்டினார். அவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். இருவருக்கும் ஒரு வார்த்தை பொது மொழி இல்லை. மேலே கதவு திறந்தால் மதலேனா தெருவில் நிற்கிறோம். மூதாட்டி முன்னே போய், சின்னச் சதுக்கத்தைக் கடந்து, ஒரு சூப்பர் மார்க்கெட் கட்டிடத்தைக் காட்டிக் கொடுத்தார். முன்பு சந்தையாக இருந்த கட்டிடம், இப்போது மேல் தளங்களில் கார் நிறுத்தம். சுவர்களில் ஓவியர்கள் வரைந்த பெரிய பெரிய படங்கள். அதற்குள் இரண்டாவது லிஃப்ட். அதில் ஏறி இறங்கினால் கோட்டை மலையின் இடுப்பில் வந்துவிடுகிறோம், ஊர் முழுக்க சிவப்பு ஓட்டுக்கூரைகளாக காலடியில் கிடக்கிறது. அங்கிருந்து கோட்டை வாசலுக்கு மிச்சம் கொஞ்சம் நடைதான். நடக்க முடியாதவர்களுக்கு ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 எண் சின்னப் பேருந்து கோட்டைக்கே போகிறது. திரும்பும்போதும் இதே லிஃப்டுகளில் இறங்கலாம். முட்டி வலிக்கு அதுதான் முக்கியம்.

பழனியில் விஞ்ச் என்கிறோமே, அந்த வகை வண்டிகள் லிஸ்பனிலும் உண்டு: லாவ்ரா, குளோரியா, பிகா. முதலாவது 1884-இல் வந்தது. ஒரு கம்பிவடத்தின் இரு முனையில் இரண்டு வண்டிகள். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். 2025 செப்டம்பர் 3 மாலை குளோரியா வண்டியில் வடம் பிடிப்பு விட்டுப்போய், மேலிருந்த வண்டி சரிவில் பாய்ந்து கட்டிடத்தில் மோதி நொறுங்கியது. பதினாறு பேர் இறந்தார்கள். அதன் பிரேக்மேனும் அவர்களில் ஒருவர். பிறகு நடந்த விசாரணையின் முதல் அறிக்கை, போட்டிருந்த வடம் பயணிகள் வண்டிக்கு உரிய சான்று பெற்றதல்ல என்றது. மற்ற வண்டிகளையும் நிறுத்திச் சோதிக்கத் தொடங்கினார்கள். நாங்கள் குளோரியா சரிவின் அடியில் நின்றபோது பூக்களும் மெழுகுவர்த்திகளும் வைத்திருந்தார்கள். அத்தை வெகுநேரம் அங்கே நின்று ஜெபம் சொன்னார். அந்த வண்டி ஊர்க்காரர்கள் வேலைக்குப் போக ஏறியது. பயணிகள் புகைப்படத்துக்காக ஏறியது. நூற்று நாற்பது ஆண்டு பழைய ஏற்பாட்டின் மேல் இந்த இரண்டு பாரமும் சேர்ந்து விழுந்தது. பழமை அழகாக இருப்பதாலேயே அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடக் கூடாது. இந்த வண்டிகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். போகும் சமயத்தில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

28 எண் டிராம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மார்டிம் மோனிஸிலிருந்து கிராசா, அல்ஃபாமா, பைஷா, ஷியாடு, எஸ்ட்ரேலா வழியாக கம்போ டி ஓரிக் வரை போகும் மஞ்சள் வண்டி. மார்டிம் மோனிஸில் வரிசை நின்றால் வெயிலில் ஒரு மணி நேரம் போய்விடும். மறுமுனையான கம்போ டி ஓரிக்கில், பிரசெரெஷ் கல்லறைத் தோட்டத்து வாசலில், காலை எட்டு மணிக்கு முன்பாக ஏறுங்கள். உட்கார இடம் கிடைக்கும். உள்ளே மர வேலைப்பாடு, ஓட்டுநர் கையில் பித்தளைக் கைப்பிடி. அல்ஃபாமாவில் ஓர் இடத்தில் தெரு ஒற்றைத் தண்டவாளத்துக்கு மட்டும் இடம் விட்டுக் குறுகிவிடும். எதிர் வண்டி வராமலிருக்க அங்கே சிக்னல் வைத்திருக்கிறார்கள். ஜன்னலில் கை வைத்திருந்தால் சுவர் உரசும் அளவு நெருக்கம். கூட்டமான வண்டியில் பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஜேப்படிக்காரர்களுக்கும் அது பிடித்த வண்டி. அந்த வண்டியில் காய்கறிப் பையோடு ஏற முடியாமல் நிறுத்தத்தில் தவிக்கும் கிழவிகளைப் பார்த்த பிறகு, நான் இன்னொரு முறை கூட்ட நேரத்தில் அதில் ஏறவில்லை. 12, 24 எண் டிராம்களும் அதே பழைய வண்டிகள்தான். கூட்டம் அவ்வளவு இல்லை.

காலணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நடைபாதை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் கறுப்புக்கல்லும் கையால் பதித்து அலை அலையாகக் கோலம் போட்டது. நூறாண்டாக மிதிபட்டு வழவழப்பாகிவிட்டது. மழை பெய்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணியும், பெட்டிக்குப் பதில் முதுகுப் பையும் நல்லது.

சின்ட்ராவுக்கு ரோசியு நிலையத்திலிருந்தும், கஷ்கைஷ் கடற்கரைக்குக் காய்ஷ் டு சொத்ரேயிலிருந்தும் ரயில். இரண்டும் ஏறக்குறைய நாற்பது நிமிடம், அதே அட்டை. பெலேமுக்கு 15 எண் டிராம், புது வகை நீண்ட வண்டி, தாழ்வான தளம். அத்தை காத்திருந்தது இதற்குத்தான். ஜெரோனிமோஸ் மடத்தை மிளகு, வாசனைப் பொருள் வணிகத்தின் வரியில் கட்டினார்கள். கொச்சியில் 1524-இல் இறந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை அந்தத் தேவாலயத்தில் நுழைந்ததும் இடப்பக்கம். கல்லறை மேல் படுத்திருக்கும் சிலையை அத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “நம்ம மொளகுல கட்டுன கோயில்” என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது, வியப்பும் இருந்தது. இதே லிஸ்பனில்தான் 1554-இல் தமிழ் முதன்முதலில் அச்சேறியது: முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்கான ஜெபப் புத்தகம், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் போட்டு, போர்த்துக்கீசியத்தோடு சேர்த்து அச்சிட்டார்கள். அத்தைக்கு அது தெரியும். ஊரில் அவர் பாட்டி சொன்ன ஜெபங்களும் அந்த வழியில் வந்தவைதானே.

ஒரு மாலையை ஆற்றுக்கு ஒதுக்குங்கள். காய்ஷ் டு சொத்ரேயிலிருந்து கசீல்யாஷுக்குப் படகு, பத்து நிமிடம். வேலை முடிந்து அக்கரைக்கு வீடு திரும்புகிறவர்களோடு அட்டையைத் தொட்டு ஏறிவிடலாம். மலைகளெல்லாம் ஒரே பார்வையில் தெரிவது ஆற்றின் நடுவிலிருந்துதான். மேலே ஏற முடியாதவர்களுக்குக் கிடைக்கும் சிறந்த காட்சி இது. கசீல்யாஷ் துறையில் டோம் ஃபெர்னாண்டு என்ற பழைய பாய்மரப் போர்க்கப்பல் நிற்கிறது. 1843-இல் தாமனில் நம் தேக்கில் கட்டியது. லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் இடையே போய் வந்தது, 1963-இல் தீப்பற்றி ஆற்றுச் சேற்றில் கிடந்தது, பிறகு எடுத்துச் சீர்செய்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அத்தை தளத்துப் பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, கப்பலைச் சுற்றி முடிக்கும் வரை உட்காரவே இல்லை. கடைசிப் படகு நள்ளிரவுக்குப் பின்னும் உண்டு என்பதால் அக்கரையில் நிதானமாக மீன் சாப்பிட்டுவிட்டு வரலாம். இக்கரையில் இறங்கியதும் பக்கத்திலேயே பச்சை மெட்ரோ, அலமேடா வரை மாற வேண்டியதில்லை.